பெரிய வீட்டில் கேஸ் கீசர்: புகைக்கு பி.வி.சி. குழாய் போடலாமா?

19-11-2023, காங்கேயம் வாசகரின் கேள்வி

காங்கேயம் பக்கம் தோட்டத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். நடுவில் முற்றம் வைத்த பழைய தொட்டிக்கட்டு வீட்டில் ஆசாரத்தையும் (கூடம்) சமையல்கட்டையும் அப்படியே வைத்துக்கொண்டு, அதை ஒட்டிப் புது வீடு. கீழே 4, மேலே 3 என 7 குளியலறை. கரண்ட் பில்லை நினைத்து கேஸ் கீசர் போடலாம் என்று யோசனை. கனடாவில் மகன் வீட்டில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர் இரண்டின் புகையும் வெள்ளை பிளாஸ்டிக் குழாயில்தான் சுவரைத் தாண்டி வெளியே போகிறது. போயிருந்தபோது கையை வைத்தே பார்த்தேன், வெதுவெதுப்புதான். இங்கே கடைக்காரர் ஒருவர் அலுமினியக் குழாய் என்கிறார், இன்னொருவர் குழாயே தேவையில்லை என்கிறார். எங்கள் பிளம்பர், "4 இஞ்ச் பி.வி.சி. மிச்சம் இருக்குதுங்க, அதையே போட்டுரலாங்க" என்கிறார். போடலாமா? பழைய சமையல்கட்டில் புகைக்கூண்டு இருக்கிறது, அதில் விடலாமா?

19-11-2023, இரவு

பி.வி.சி. வேண்டாம். புகைக்கூண்டிலும் அப்படியே விட வேண்டாம். காரணம் நாளை எழுதுகிறேன். அதுவரை பிளம்பர் அந்தச் சுவரில் ஓட்டை போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

20-11-2023

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் பாய்லர் பார்ப்பது என் வேலை. டன் கணக்கில் நீராவி தரும் பாய்லரானாலும் நிமிடத்துக்கு 6 லிட்டர் தரும் கீசரானாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வெளியே போகும் புகை எத்தனை டிகிரி? குழாய் எந்தப் பொருள், எந்தப் பக்கம் சரிவு, விசிறி வேண்டுமா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மகன் வீட்டுக் குழாய் வெதுவெதுப்பாக இருக்கக் காரணம் குழாய் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கும் மெஷின். கேஸ் எரியும்போது கரியமில வாயுவோடு நீராவியும் உண்டாகிறது. பழைய மாதிரி ஃபர்னஸ் இரண்டையும் சூட்டோடு புகைக்கூண்டில் விட்டுவிடும். 100 ரூபாய் கேஸில் 20 ரூபாய் சூடு அப்படியே வானத்துக்குப் போகும். புது மாதிரியில் இரண்டாவதாக ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர் உண்டு. புகையை 55 டிகிரிக்கும் கீழே இறக்கி, ஆவியைத் தண்ணீராக்கி, அதில் கிடைக்கும் சூட்டையும் வீட்டுக்கே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் அவற்றின் திறன் 90 முதல் 98 சதவீதம் வரை போகிறது. கனடாவில் 2009 இறுதிக்குப் பிறகு தயாராகும் வீட்டு கேஸ் ஃபர்னஸ்களுக்கு 90 சதவீதம் கட்டாயம். 2019-ல் அதை 95 ஆக்கினார்கள். குளிர்ந்த புகை தானாக மேலே ஏறாது, எனவே விசிறி வைத்துத் தள்ளுகிறார்கள். தள்ளும்போது குழாய்க்குள் அழுத்தம் இருக்கும், ஆகவே ஒவ்வொரு இணைப்பும் பசை போட்டு ஒட்டியிருக்க வேண்டும்.

அங்கேயும் சாக்கடைக்கு வாங்கிய குழாயைப் புகைக்குப் போட விடுவதில்லை. எஸ்-636 என்ற தரக்குறி பதித்த குழாய் வேண்டும். அதில் பி.வி.சி.க்கு 65 டிகிரி, இன்னும் சூடு தாங்கும் வகையான சி.பி.வி.சி.க்கு 90 டிகிரி என்று எல்லை இருக்கிறது. அடுத்த முறை மகன் வீட்டுக்குப் போனால் குழாய் மேல் இருக்கும் எழுத்தைப் படித்துப் பாருங்கள்.

நம் கடைகளில் விற்கும் கீசரில் அந்த இரண்டாவது எக்ஸ்சேஞ்சர் இல்லை. புகை 100 டிகிரியைத் தாண்டித்தான் வெளியே வரும். பி.வி.சி. 80 டிகிரி பக்கம் வந்தாலே இளகிவிடும். முதல் வாரம் ஒன்றும் தெரியாது. அப்புறம் நடுவில் தொய்யும், எல்போவில் இணைப்பு விடும். அந்த இடம் பொய்க்கூரைக்கு மேலே இருந்தால் புகை வீட்டுக்குள்தான் இறங்குகிறது என்பது யாருக்கும் தெரியாது. உங்கள் கீசருக்கு உலோகக் குழாய்தான்: எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) அல்லது கனமான அலுமினியம். மடக்கி இழுக்கும் அந்த மெல்லிய தகட்டுக் குழாயைச் சொல்லவில்லை, அது ஒரு தட்டு தட்டினால் நசுங்கிவிடும். கீசரின் கழுத்து என்ன விட்டமோ கடைசி வரை அதே விட்டம். நடுவில் ரெட்யூசர் போட்டுச் சின்னதாக்கக் கூடாது.

22-11-2023

"வீடு பெரிசுங்க, காத்துக்கு என்ன பஞ்சம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த நினைப்புதான் எனக்குப் பெரிய கவலை. கீசர் மாட்டப்போவது வீட்டில் இல்லை, குளியலறையில்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5-க்கு 8 அடி, 9 அடி உயரம் என்றால் அறையில் சுமார் 10 கன மீட்டர் காற்று. அதில் ஆக்சிஜன் 2 கன மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. 6 லிட்டர் கீசர் முழு வேகத்தில் மணிக்கு ஏறக்குறைய 1 கிலோ கேஸ் குடிக்கும். 20 நிமிடத்துக்கு 330 கிராம். அது முழுதாக எரிய 0.9 கன மீட்டர் ஆக்சிஜன் வேண்டும். கதவு, ஜன்னல், வெண்டிலேட்டர் மூன்றும் அடைத்திருந்தால் அறையில் இருப்பதில் ஏறக்குறைய பாதியை கீசரே எடுத்துக்கொள்ளும். பதிலுக்கு 1 கிலோ கரியமில வாயுவும் அரை லிட்டர் தண்ணீர் ஆவியும் தரும். அவ்வளவு தூரம் போகும் முன்பே தீ சரியாக எரியாமல் நீலத்திலிருந்து மஞ்சளுக்கு மாறிவிடும். கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு கிளம்புவது அந்த இடத்தில்தான்.

பல கீசர்களில் 20 நிமிடம் ஆனால் தானாக அணையும் டைமர் இருக்கிறது. அணைந்ததும் நாம் செய்வது என்ன? குழாயை மூடித் திறந்து மறுபடி பற்றவைக்கிறோம்.

பழைய வீட்டில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. ஓட்டுக் கூரை, ஒழுங்காகச் சாத்தாத மர ஜன்னல், நடுவில் திறந்த தொட்டி. காற்று தானாக வந்து தானாகப் போகும். புது வீட்டில் யு.பி.வி.சி. ஜன்னல், சுற்றிலும் ரப்பர் பட்டை, கதவுக்கு அடியில் கூட இடுக்கில்லை. போதாததற்கு மார்கழிக் குளிர் என்று வெண்டிலேட்டரில் அட்டையைச் செருகுகிறோம். தண்ணீர் நிறைந்த சொம்பைக் கவிழ்த்தால், உள்ளே காற்று போனால்தான் தண்ணீர் வெளியே வரும். புகையும் அப்படியே. குழாய் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அறைக்குள் புதுக் காற்று நுழைய வழியில்லை என்றால் புகை வெளியேறாது.

அமெரிக்க விதியில் இதற்கு ஓர் அளவு உண்டு. வெளிக்காற்றுக்கு நேராகத் திறக்கும் இரண்டு திறப்புகள், ஒன்று மேலே, ஒன்று தரையருகே. ஒவ்வொன்றும், கீசர் மணிக்கு எரிக்கும் சூட்டில் 4000 பி.டி.யூ.க்கு (சூட்டை அளக்கும் அலகு) 1 சதுர அங்குலம். 6 லிட்டர் கீசர் ஏறத்தாழ 43,000 பி.டி.யூ. ஆகவே ஒவ்வொரு திறப்பும் 11 சதுர அங்குலம், அதுவும் கொசுவலை அடைக்கும் இடத்தைக் கழித்த பிறகு. தூசி படிந்த வலையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

23-11-2023

பெருந்துறைக்காரர் ஒருவர், தன் வீட்டில் ரொம்ப வருஷமாகக் குழாயே இல்லாமல் குளியலறைக்குள் கீசர் ஓடுகிறது, ஒன்றும் ஆகவில்லை என்கிறார். அவருக்காக இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கோபியில் என் சித்தப்பா மகளுக்கு நடந்தது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள். தலைக்குச் சீயக்காய் போட்டு அலசுவதற்குள் தண்ணீர் நிறையச் செலவாகும், கீசரும் விடாமல் ஓடும். உள்ளே சொம்பு விழுந்த சத்தம் கேட்டு சித்தி கூப்பிட்டிருக்கிறார், பதிலே இல்லை. கதவை உடைத்துத் தூக்கி வந்தார்கள். முதலில் போன ஆஸ்பத்திரியில் வலிப்பு என்று நினைத்துத் தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டியது. அதனால் மூச்சில் கோளாறில்லை என்று விட்டுவிட்டார்கள். இரண்டாவதாகப் பார்த்த டாக்டர்தான், "பாத்ரூம்ல கேஸ் கீசர் இருக்குதா?" என்று கேட்டார்.

அந்த 98-ஐ எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய அந்தக் கருவி, ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்டியிருப்பதையும் கார்பன் மோனாக்சைடு ஒட்டியிருப்பதையும் பிரித்துக் காட்டாது. இரண்டையும் சேர்த்து ஆக்சிஜன் என்றே காட்டும். ஹீமோகுளோபினோடு மோனாக்சைடு சேரும் பிடிப்பு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல். சாதாரணக் காற்றில் அது பாதி குறைய 4 முதல் 6 மணி நேரம் ஆகும். முகமூடி வைத்துச் சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆகவே குளியலறையில் மயங்கிய ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், டாக்டர் கேட்பதற்குள் நீங்களே "உள்ளே கேஸ் கீசர் ஓடிக்கொண்டிருந்தது" என்று சொல்லிவிடுங்கள். ரத்தத்தில் அதற்கென்று தனிப் பரிசோதனை இருக்கிறது.

தங்கை இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனால் அன்றைக்கு முன்பே பல மாதமாகக் குளித்துவிட்டு வந்தால் தலைவலி, குமட்டல் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். ஈரத்தலை என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். பெருந்துறைக்காரர் வீட்டில் "ஒன்றும் ஆகவில்லை" என்பது உண்மையா என்று வீட்டுப் பெண்களிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

கீசர் மாட்டிய ஆள் சொன்னது சித்தப்பாவுக்கு இன்னும் நினைவிருக்கிறது: "ஜன்னல் இருக்குதுங்ளே, குழாய் எதுக்குங்க?" அந்த கீசரின் தலையில் குழாய் மாட்டுவதற்கான கழுத்து இருந்தது. குழாய்தான் மாட்டவில்லை.

24-11-2023

மோனாக்சைடு வந்தால் வாசனையில் தெரியாதா என்று கேட்டவருக்கு: இல்லை, வாசனை வராது. கேஸ் கசிந்தால் நாற்றம் வருவது அதில் மெர்கேப்டன் கலந்திருப்பதால். மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கசிந்த எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். மோனாக்சைடு காற்றின் எடையை ஒட்டியே இருப்பதால் அறை முழுக்கக் கலந்துவிடும். கேஸ் கசிவைக் கண்டுபிடிக்கும் அலாரம் தரையருகே இருக்க வேண்டும் என்பது இதனால்தான். மோனாக்சைடுக்கு அந்த அலாரம் உதவாது.

29-11-2023

பழைய புகைக்கூண்டு விஷயம். இதே கேள்விக்குக் கனடாவிலும் அமெரிக்காவிலும் ஆயிரக்கணக்கான வீடுகள் பதில் தேட வேண்டியிருந்தது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அங்கே பழைய பெரிய வீடுகளில் நிலவறையில் ஃபர்னஸும் வாட்டர் ஹீட்டரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இரண்டின் புகையும் ஒரே செங்கல் புகைக்கூண்டில் போகும். ஃபர்னஸ் தரும் பெரும் சூட்டில் கூண்டு எப்போதும் சூடாக இருப்பதால், வாட்டர் ஹீட்டரின் சின்னப் புகையும் சேர்ந்து மேலே ஏறிவிடும். பிறகு திறன் கூடிய ஃபர்னஸ் வாங்குகிறார்கள். அதன் புகை பிளாஸ்டிக் குழாயில் பக்கச் சுவர் வழியாகப் போய்விடுகிறது. கூண்டில் மிஞ்சுவது வாட்டர் ஹீட்டர் மட்டும். அவ்வளவு பெரிய கூண்டைச் சூடாக்க அதனால் முடியாது. பாதி வழியிலேயே புகை குளிர்ந்து, ஆவி செங்கலில் வியர்த்து, அந்த அமிலத் தண்ணீர் சாந்தை அரித்து, கடைசியில் புகை கீழேயே திரும்புகிறது. எனவே கூண்டுக்குள் அளவான உலோகக் குழாயை உச்சி வரை இறக்குவார்கள். இல்லையென்றால் விசிறி வைத்த வாட்டர் ஹீட்டராக மாற்றுவார்கள்.

உங்கள் சமையல்கட்டுக் கூண்டு விறகடுப்புக்குக் கட்டியது. மூன்று அடுப்பும் எரியும்போது மேலே ஏறுகிற புகைக்கு அந்த அகலம் சரி. 4 அங்குல கீசர் குழாயை அதற்குள் நுழைத்துவிட்டு நின்றுவிட்டால், கனடா வீட்டில் தனியாக மிஞ்சிய வாட்டர் ஹீட்டரின் கதிதான். அதோடு பல வருஷமாக எரியாத கூண்டில் மைனா கூடு இருக்கும், ஓணான் செத்துக் கிடக்கும், உச்சியில் மூடி ஓடு சரிந்திருக்கும். கூண்டை இடிக்க மனமில்லை என்று எழுதியிருந்தீர்கள். இடிக்க வேண்டாம். கீழிருந்து உச்சி வரை ஒரே எஸ்.எஸ். குழாயை உள்ளே இறக்கி, மேலே மழைத் தொப்பி வைத்தால் கூண்டு ஓர் உறையாக நிற்கும். ஆனால் கீசர் அதன் அடியிலேயே இருக்க வேண்டும். குளியலறையிலிருந்து 20 அடி படுக்கையாகக் குழாய் இழுத்து வந்து அதில் சேர்ப்பதென்றால் எனக்குச் சம்மதமில்லை.

17-12-2023

எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் போதாதா என்று மூன்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். நேற்று பெரியப்பா வீட்டில் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

அவர் வீட்டில் கீசர் இருப்பது சமையலறையை ஒட்டிய பாத்திரம் கழுவும் இடத்தில். உலோகக் குழாய் முறையாக வெளியே போகிறது. கீசரின் கழுத்தடியில் புகைக்கூடத்தைச் சுற்றி ஓர் இடைவெளி இருக்கும், அதன் வழியாக அறைக் காற்றும் சேர்ந்து உள்ளே இழுக்கப்பட வேண்டும். சாமி ரூமிலிருந்து ஓர் ஊதுபத்தியைப் பற்றவைத்து எடுத்து வந்து அந்த இடைவெளியில் பிடித்தேன். தண்ணீரைத் திறந்து சில நிமிடம் ஆனதும் பத்திப் புகை நூலாக வளைந்து கீசருக்குள் போனது. நல்ல அறிகுறி. அப்புறம் பெரியம்மாவிடம் சமையலறை சிம்னியை முழு வேகத்தில் போடச் சொல்லி, பின்கதவைச் சாத்தினேன். புகை முதலில் நின்றது, அங்குமிங்கும் ஆடியது, பிறகு என் முகத்துக்கே திரும்பி வந்தது. கையை இடைவெளிக்கு நேரே வைத்தால் சூடான ஈரக் காற்று தெரிந்தது. பின்கதவை ஒரு சாண் திறந்ததும் மறுபடி உள்ளே போக ஆரம்பித்தது.

விஷயம் இதுதான். கீசருக்கு மணிக்கு வேண்டிய காற்று 13 கன மீட்டர் அளவு. கடையில் விற்கும் சமையலறை சிம்னி மணிக்கு 1000, 1200 கன மீட்டர் இழுக்கும். வீடு நன்றாக அடைத்திருந்தால் சிம்னிக்குக் காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். மிக எளிதான வழி கீசரின் புகைக்குழாய்தான். அதன் வழியே வெளிக்காற்று கீழே இறங்கும், புகை அறைக்குள் கொட்டும். குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனும் இதையேதான் செய்யும். அதே அறையில் தானாகப் புகை ஏறும் கீசர் இருந்தால், ஃபேன் ஓட ஓட ஆபத்து கூடுமே தவிரக் குறையாது.

வீட்டில் கேஸ் கீசர் இருப்பவர்கள் இன்றைக்கே ஊதுபத்தியோடு ஒருமுறை பார்த்துவிடுங்கள். எல்லா ஃபேனையும் சிம்னியையும் போட்டு, எல்லாக் கதவையும் சாத்திவிட்டுப் பாருங்கள். கதவு திறந்திருக்கும்போது பார்த்தால் எல்லா வீடும் பாஸ்தான். கேஸ் கசிவு வாசனை கொஞ்சம் இருந்தாலும் பத்தியைப் பற்றவைக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

18-12-2023

நேற்று எழுத விட்டது: பெரியப்பா வீட்டு கீசரின் மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, செம்புத் தகடுகளுக்கு நடுவே கருப்புப் பஞ்சாகக் கரி அடைத்திருந்தது. பர்னரின் ஒரு ஓரத்தில் மட்டும் தீ மஞ்சளாக எரிந்ததற்கு அதுதான் காரணம். கரி வெளிப்பக்கம் சேர்கிறது, உப்புப் போர் தண்ணீரால் உள்பக்கம் வெள்ளைக் காரை சேர்கிறது. சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீட்டுக்கும் உங்கள் தோட்டத்துப் போர் தண்ணீருக்கும் இதில் ரொம்ப வித்தியாசம். உங்கள் வீட்டுக்கு வருஷம் ஒருமுறை சர்வீஸ் என்பது குறைந்தபட்சம்.

07-01-2024

காங்கேயம் அண்ணன் வரைபடம் அனுப்பியிருந்தார், பார்த்தேன். என் யோசனை இது.

எந்தக் குளியலறைக்குள்ளும் கீசர் வேண்டாம். வடக்குப் பக்கம் பொடக்காலியை (புழக்கடை) ஒட்டிய தாவாரம் மூன்று பக்கம் திறந்திருக்கிறது. கீழ் வீட்டுக்கான கீசரை அங்கே வெளிச்சுவரில் மாட்டுங்கள். மேல் மாடிக்குத் துணி காயப்போடும் பால்கனியில் இன்னொன்று. 7 குளியலறைக்கு 7 கீசர் என்று கடைக்காரர் கொடுத்த கொட்டேஷனைக் கிழித்துவிடலாம். இடம் திறந்தவெளி என்றாலும் குழாய் வேண்டும். சுவரோடு ஏறும் புகை மேலே திறந்திருக்கும் படுக்கையறை ஜன்னலுக்குள் போகும். குழாய் வாய்க்கும் ஜன்னலுக்கும் இடையே குறைந்தது 4 அடி இருக்கட்டும்.

இதில் ஒரு சிரமம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. கடைசிக் குளியலறைக்குச் சுடுதண்ணீர் வர நேரம் ஆகும். முக்கால் அங்குல சி.பி.வி.சி. குழாயில் ஒரு மீட்டருக்குக் கால் லிட்டர் தண்ணீர் நிற்கும். 20 மீட்டர் என்றால் 5 லிட்டர் பச்சைத்தண்ணீர் போன பிறகுதான் சூடு வரும், கிட்டத்தட்ட ஒரு நிமிடம். தூரத்துக் குளியலறைகளுக்கு அரை அங்குலம் போட்டு, சுவருக்குள் புதைக்கும் முன் நுரைக் குழாய் சுற்றுங்கள். வீணாகும் 5 லிட்டரை ஒரு வாளியில் பிடித்துத் தென்னைக்கு ஊற்றினால் போயிற்று.

சரிவைப் பற்றி பிளம்பர் குழம்புகிறார் என்று எழுதியிருந்தீர்கள். குழப்பம் நியாயமானதுதான், மூன்று வகைக்கும் மூன்று சரிவு. தானாகப் புகை ஏறும் கீசருக்கு, படுக்கையாக வரும் குழாய் வெளியே போகப் போக மேலே ஏற வேண்டும், மீட்டருக்கு 2 செ.மீ. விசிறி வைத்துப் பக்கச் சுவரில் தள்ளும் கீசருக்கு, வெளிமுனை லேசாகக் கீழே சாய வேண்டும், மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க. மகன் வீட்டு ஃபர்னஸில், குழாய் மெஷினை நோக்கித் திரும்பிச் சரிய வேண்டும். உள்ளே ஊறும் அமிலத் தண்ணீர் மெஷினுக்கு வந்து அங்கிருந்து வடிகாலுக்குப் போகும். உங்கள் பிளம்பர் முன்பு வேலை செய்த வீட்டில் இரண்டாவது வகையைப் பார்த்திருப்பார். எந்த வகை வாங்குகிறீர்களோ, அதன் கையேட்டைப் பிளம்பர் கையில் கொடுங்கள். முடிந்தால் விசிறி வகையையே வாங்குங்கள். காரணம் பின்னால் காற்று மாதம் வரும்போது தெரியும்.

சிலிண்டர் தரைமட்டத்தில், நிமிர்ந்து, வெயில் படாமல். பொடக்காலியில் பழைய தானியக் குழி இருக்கிறது என்றீர்களே, அதன் பக்கம்கூட வேண்டாம். ரப்பர் ஹோஸை 5 வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், தேதி அதன் மேலேயே இருக்கும்.

09-01-2024

கோவையில் பைப் கேஸ் வருகிறதே, இதே கீசரை அதற்கு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டவருக்கு: அப்படியே இணைக்கக் கூடாது. பைப்பில் வருவது இயற்கை எரிவாயு, அதற்கு ஜெட் (பர்னருக்கு கேஸ் வரும் துளை) அளவு வேறு. கம்பெனி ஆள் மாற்றித் தந்தால் மட்டும் சரி.

21-07-2024

ஆடி பிறந்துவிட்டது. பல்லடம், உடுமலை, பொள்ளாச்சிக்காரர்களிடமிருந்து "கீசர் பற்றவே மாட்டேன்கிறது", "பற்றி உடனே அணைகிறது" என்று புகார் வர ஆரம்பித்திருக்கிறது. நான் எதிர்பார்த்ததுதான்.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் இருக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று நம் பக்கத்தில் ஆனியிலிருந்து ஆவணி வரை மேற்கே இருந்து ஒரே அடியாக அடிக்கும். காற்றாலைகள் இங்கே வந்ததே அதற்காகத்தான். இப்போது கணக்கைப் பாருங்கள். 3 மீட்டர் உயரக் குழாய், உள்ளே புகை 130 டிகிரி, வெளியே 27 டிகிரி என்றால், புகையை மேலே ஏற்றும் விசை சுமார் 9 பாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு). நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வரும் காற்று ஒரு சுவரில் மோதினால் 60 பாஸ்கல் அழுத்தம் தரும். குழாயின் வாய் மேற்குச் சுவரில் காற்றுக்கு நேராக இருந்தால் 9-க்கும் 60-க்கும் போட்டி. புகை தோற்று உள்ளே திரும்பும். கீசர் அணைந்துபோவது நல்லதே; அணையாமல் எரிந்துகொண்டே புகையை உள்ளே விடுவதுதான் பயப்பட வேண்டியது.

அதனால் நம் ஊருக்கு என் பேச்சு: தானாகப் புகை ஏறும் கீசரின் வாயை மேற்குச் சுவரில் வைக்கவே கூடாது. கிழக்கிலும் சுவரையொட்டி வைத்தால் காற்று சுழன்று வரும். வடக்கு அல்லது தெற்குச் சுவரில் எடுத்து, நிமிர்த்தி, மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே கொண்டுபோய் விடுவது நல்லது. பெரிய வீடு என்றால் மேலே தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு அறை, சோலார் ஸ்டாண்டு எல்லாம் இருக்கும், அவற்றுக்குப் பின்னால் காற்று கீழே இறங்கிச் சுழலும். செங்கல் புகைக்கூண்டுக்கு அமெரிக்காவில் சொல்லும் அளவு இங்கேயும் உதவும்: தளத்துக்கு மேல் 3 அடி, 10 அடி தூரத்துக்குள் இருக்கும் எதைவிடவும் 2 அடி உயரம். உச்சியில் எந்தப் பக்கக் காற்றுக்கும் தடுப்புள்ள தொப்பி. விசிறி வகைக்கும் மேற்குச் சுவர் உகந்ததில்லை, ஆனால் அது எதிர்க்காற்று மிஞ்சினால் கேஸை நிறுத்திவிடும். ஜனவரியில் விசிறி வகை வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

உடுமலைக்காரர் குழாய் வாயில் ஒரு சாக்கைக் கட்டிக் காற்றைத் தடுத்திருக்கிறாராம். அண்ணா, தயவுசெய்து இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். அவிழ்த்த பிறகும் காற்று குறையும் வரை கீசரைத் தொடாதீர்கள். ஹீட்டர் ராடில் வாளித் தண்ணீர் காய வைத்துக்கொள்ளுங்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை வைக்க வேண்டும்.

04-08-2024

காங்கேயம் அண்ணன் வீட்டில் அவருடைய ஆத்தா, "எனக்கு செம்பு பாய்லர்த் தண்ணிதான் வேணும், அதுதான் மேலுக்கு இதமா இருக்கும்" என்று பிடிவாதமாம். கொடுத்துவிடுங்கள், அண்ணா. தோட்டத்தில் தென்னை மட்டை, பன்னாடை, தேங்காத்தொட்டி எல்லாம் சும்மா கிடக்கிறது, அதற்கு கேஸ் எதற்கு? ஒரே நிபந்தனை, பாய்லர் பொடக்காலியில் திறந்த இடத்தில் நிற்க வேண்டும். நடுவில் குழாய் இருப்பதால் அதுவே புகைபோக்கி என்று நினைத்துக் குளியலறை மூலையில் வைத்தவர்கள் நம் பக்கம் நிறைய. மட்டை எரியும்போது புகை கண்ணைக் கரிக்கும், ஆள் வெளியே ஓடிவிடுவார். எரிந்து முடிந்து கங்கு மட்டும் கிடக்கும்போது கண்ணுக்குப் புகையே தெரியாது, மோனாக்சைடு அதிகம் வருவது அப்போதுதான். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் அறைக்குள் கரியடுப்பை வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் எழுந்திருக்காமல் போனதும் கங்கால்தான்.

சோலார் வாட்டர் ஹீட்டர் பற்றியும் கேட்டிருந்தார். நம் வெயிலுக்கு அதுதான் முதல் தேர்வு. கேஸ் கீசர் மழைக்காலத்துக்கும் விருந்தாளிகள் கூடும் நாளுக்கும். சோலாரிலும் ஒரு காற்றுக்குழாய் உண்டு, தொட்டியின் தலையிலிருந்து நிமிர்ந்து நிற்குமே, அது. அழுத்தமில்லாத வகையில் அதன் வாய் பச்சைத்தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தைவிட உயரமாக, எப்போதும் திறந்திருக்க வேண்டும். சொட்டுகிறது என்று அதில் மூடி போட்டுவிடும் பிளம்பர்களைப் பார்த்திருக்கிறேன். உப்புத் தண்ணீரில் அது தானாகவும் அடைத்துக்கொள்ளும். அடைத்த பிறகு தண்ணீர் கொதித்தால் தொட்டி உப்பும். தண்ணீர் வேகமாக இறங்கினால் உள்பக்கம் ஒடுங்கும். வருஷம் ஒருமுறை கம்பி விட்டுப் பாருங்கள்.

01-09-2024

அலாரம் பற்றிக் கேட்டவர்களுக்கு மொத்தமாக. ஆன்லைனில் கிடைக்கிறது. "கேஸ் அலாரம்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது எல்.பி.ஜி. கசிவுக்கானது. கார்பன் மோனாக்சைடு என்று எழுதி, இ.என். 50291 அல்லது யு.எல். 2034 தரக்குறி உள்ளதாகப் பாருங்கள். யு.எல். தரத்தில் 70 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் 70 பங்கு) இருந்தால் ஒரு மணி முதல் நாலு மணி நேரத்துக்குள்ளும், 400 பி.பி.எம். இருந்தால் 4 முதல் 15 நிமிடத்துக்குள்ளும் அலற வேண்டும். குளியலறைக்குள் மாட்ட வேண்டாம், நீராவி அதைக் கெடுக்கும். படுக்கையறைக்கு வெளியே, கீசர் இருக்கும் பக்கத்து நடையில் மாட்டுங்கள். பெரிய வீட்டில் மாடிக்கு ஒன்று வேண்டும். உள்ளிருக்கும் சென்சாருக்கு ஆயுள் உண்டு, காலாவதித் தேதி பின்பக்கம் அச்சிட்டிருக்கும். அது கடந்தால் பேட்டரியை மாற்றிப் பயனில்லை, முழுசாக மாற்ற வேண்டும்.

பெருந்துறைக்காரர் குழாய் போட்டு, கீசரைக் குளியலறையிலிருந்து வெளிச்சுவருக்கு மாற்றிவிட்டதாக எழுதியிருக்கிறார். அண்ணிக்குக் காலைத் தலைவலி நின்றிருக்கிறதாம். அண்ணா, பழைய இடத்தில் சுவரில் குழாய் ஓட்டை இருந்தால் அதைப் பூசி அடைக்காதீர்கள், ஒரு வலை வைத்து வெண்டிலேட்டராக விட்டுவிடுங்கள்.